மருத்துவமனைச் சுவிட்சின் 24 வாசல்கள்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து விஷச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். நிலைமை மோசமானவர்கள் சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

மெத்தனால் உள்ளே போனால் கல்லீரல் அதைக் கடைசியில் ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, பார்வை நரம்பு கெடுகிறது. ஃபோமெபிசோல் மருந்தோ எத்தனாலோ கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டும்; சேர்ந்துவிட்ட அமிலத்தை டயாலிசிஸ் மூலம் வெளியேற்ற வேண்டும். யாருக்கு முதலில் டயாலிசிஸ், யாரை வேறு ஊருக்கு அனுப்பலாம், யாரை அசைக்கவே கூடாது என்பதைப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க முடியும். ரத்தத்தின் பிஎச் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை, நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்க்க வேண்டும்.

இன்றைய பெரிய மருத்துவமனைகளில் இந்த எண்கள் லேபிலிருந்து வார்டுக்குக் கம்பி வழியாகவே போகின்றன. ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் படம், மருந்து இருப்பு எல்லாமே அப்படித்தான். அந்தக் கம்பிகள் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும் ஒரு தட்டையான இரும்புப் பெட்டியில் வந்து சேர்கின்றன. முகப்பில் 24 அல்லது 48 துளைகளும் துளைக்கு ஒரு பச்சை விளக்கும் இருக்கும். அதுதான் நெட்வொர்க் சுவிட்ச். மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் ரூம் மூலையிலோ ஒரு ரேக்கில் மாட்டிவிட்டுப் போனால், "நெட் வரல" என்று யாராவது சொல்லும் வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பேரிடர் வரும் இரவில் அந்தப் பெட்டி தாங்குமா என்பது, அது பொருத்தப்பட்ட அன்று யார் அதில் என்ன அமைப்புகளைச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் முடக்கியது. பதிவு, லேப், பில்லிங் எல்லாம் கைமுறைக்கு மாறின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் ஊழியர்கள் பேனாவும் தாளுமாக நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2 வாரம் ஆனது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. காரணத்தையும் சொன்னது: வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படவில்லை.

அந்தக் காரணத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வலையமைப்பைப் பகுப்பதற்கு அரிய கருவியோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. ஏற்கெனவே வாங்கி மாட்டியிருக்கும் சுவிட்சுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆபத்து எங்கே என்பதும் தெரியும். ஒவ்வொரு கணினிக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதை மேக் முகவரி என்பார்கள். எந்தத் துளைக்குப் பின்னால் எந்த மேக் முகவரி இருக்கிறது என்று சுவிட்ச் தானாகவே பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்கிறது. அதன் பிறகு லேபிலிருந்து வார்டுக்குப் போகும் தகவல் அந்த ஒரு துளை வழியாக மட்டும் போகும். அதற்கு முன்பிருந்த 'ஹப்' பெட்டிகள் யாருக்கு வந்ததையும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. ஈதர்நெட் சுவிட்சை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற கலிபோர்னியா நிறுவனம். அதை நிறுவிய இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். 1990-இல் வந்த அந்தப் பெட்டியில் 7 துளைகள் இருந்தன. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்ததும் சுவிட்ச் ஓடத் தொடங்கிவிடும். எந்தத் துளையில் எதைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும், சொன்ன முகவரியை அப்படியே நம்பும். ஆயிரம் ரூபாய்க்குள் கடையில் கிடைக்கும் சாதாரண சுவிட்ச் இதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மேனேஜ்டு சுவிட்ச் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே இந்தக் கண்மூடித்தனமான நம்பிக்கையைக் குறைப்பதற்காக. ஆனால் யாரும் உள்ளே போய் அமைக்காவிட்டால் மேனேஜ்டு சுவிட்சும் சாதாரண சுவிட்சைப் போலத்தான் நடந்துகொள்ளும். காசு போயிருக்கும், காவல் இருக்காது.

முதலில் செய்ய வேண்டியது பகுப்பு. தொழில்நுட்பக்காரர்கள் இதை வி-லேன் என்பார்கள். ஒரே பெட்டியின் 24 துளைகளை, ஒன்றையொன்று பார்க்க முடியாத தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிப்பது. சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குப் போகும் தகவல் பொட்டலத்தின் தலைப்பில் 4 பைட் அடையாளம் ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் கூட்டத்தின் எண்ணுக்கு. அதனால் 4,094 கூட்டங்கள் வரை அமைக்கலாம். மாவட்ட மருத்துவமனைக்கு ஏழெட்டே போதும்: லேப் கருவிகள், எக்ஸ்ரே-ஸ்கேன், வார்டு கணினிகள், அலுவலகமும் பில்லிங்கும், சிசிடிவி கேமரா, பார்வையாளர் வைஃபை, சுவிட்சுகளை நிர்வகிக்க மட்டும் ஒன்று, பயன்படாத துளைகளை ஒதுக்கிவைக்க ஒன்று. காசநோயாளியைப் பொது வார்டில் படுக்கவைக்காமல் தனி வார்டில் வைக்கும் அதே காரணம்தான் இங்கேயும். ஒருவருக்கு வந்தது எல்லாருக்கும் பரவக் கூடாது.

லேப் கருவிகளைத் தனியாக வைக்க இன்னொரு வலுவான காரணமும் உண்டு. ரத்தப் பரிசோதனைக் கருவியோடு வரும் கணினியில் பல இடங்களில் இன்னமும் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறது. புதுப்பித்தால் கருவியின் மென்பொருள் நின்றுவிடும், நிறுவனம் உத்தரவாதம் தராது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. புதுப்பிக்கப்படாத கணினிகளின் 445-ஆம் போர்ட் என்ற மென்பொருள் வாசல் வழியாக அந்தப் புழு தானாகவே கணினிக்குக் கணினி தாவியது. புதுப்பிக்க முடியாத கருவியைத் தனிக் கூட்டத்தில் வைத்து, அது லேப் சர்வரோடு மட்டும், தேவையான ஒரு போர்ட்டில் மட்டும் பேசலாம் என்று விதி எழுதிவிட்டால் அந்தப் புழுவால் அதை எட்ட முடியாது.

விதி எழுதுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வி-லேன்களைப் பிரித்துவிட்டு, அவற்றுக்கு நடுவே இருக்கும் ரவுட்டரில் எல்லாரும் எல்லாரோடும் பேசலாம் என்று விட்டுவைத்தால் பிரித்த பயன் பெருமளவு போய்விடும். பார்வையாளர் வைஃபையிலிருந்து இணையத்துக்குப் போகலாம், லேப் பக்கம் திரும்பவே கூடாது என்பதை வெளிப்படையாக எழுதியாக வேண்டும்.

பகுப்பின் அருமைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவரின் கணினியில் அது இருந்தது. உலையை இயக்கும் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்று கழகம் விளக்கியது. தீநிரல் உள்ளே வந்ததே கவலைக்குரிய செய்திதான். ஆனாலும் அலுவலகக் கணினியில் தொடங்கியது அலுவலக வலையமைப்போடு நின்றது. எய்ம்ஸில் அப்படி நிற்கவில்லை.

அடுத்தது துளைகள். மருத்துவமனை என்பது யாரும் நுழையக்கூடிய இடம். காத்திருப்புக் கூடத்தின் சுவரில் காலியாக ஒரு நெட்வொர்க் சாக்கெட் இருக்கும். மதில்மேல் பொருத்திய கேமராவுக்குப் போகும் கேபிள் வெளிச்சுவரில் தொங்கும். ஒருவர் கேமராவைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் லேப்டாப்பைச் செருகினால், அமைக்கப்படாத சுவிட்ச் அவரை உள்ளே விட்டுவிடும். பயன்படாத துளைகள் அத்தனையையும் அணைத்து வைப்பது முதல் வேலை. ஒரு கட்டளையில் ஒரு வரிசையையே அணைக்கலாம். பயன்படும் துளைகளுக்குப் 'போர்ட் செக்யூரிட்டி' என்ற காவல் இருக்கிறது. இந்தத் துளையில் ஒரே ஒரு மேக் முகவரிதான், அதுவும் முதலில் வந்த இந்த முகவரிதான் என்று சொல்லிவைக்கலாம். வேறு எதையாவது செருகினால் சிஸ்கோ வகைச் சுவிட்சுகள் துளையையே மூடிவிடும். நிர்வாகி வந்து திறக்கும்வரை திறக்காது.

இந்தக் காவல் இன்னொரு தாக்குதலையும் தடுக்கிறது. சுவிட்ச் எழுதிக்கொள்ளும் பட்டியலில் சில ஆயிரம் முகவரிகளுக்குத்தான் இடம். ஒருவர் ஒரு துளையில் உட்கார்ந்துகொண்டு பொய் முகவரிகளை ஆயிரக்கணக்கில் கொட்டினால் பட்டியல் நிரம்பிவிடும். அதன்பின் வரும் புதிய முகவரிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல், சுவிட்ச் அவற்றுக்கான தகவலை எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும், பழைய ஹப் செய்ததைப் போலவே. கொட்டியவர் உட்கார்ந்து படிக்கலாம். துளைக்கு ஒரு முகவரி என்ற வரம்பு இருந்தால் இரண்டாவது பொய்யிலேயே துளை மூடிக்கொள்ளும்.

நடைமுறையில் இதில் ஒரு தகராறு உண்டு. ஒரு அறைக்கு ஒரே சாக்கெட், மேசைகள் மூன்று என்றால் யாராவது சின்ன சுவிட்ச் ஒன்றை வாங்கி மேசைக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஒரு முகவரி மட்டும் என்று வரம்பு போட்ட அன்றே அந்த அறை முழுதும் இருண்டுவிடும், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று புகார் வரும், வரம்பை எடுத்துவிடுவார்கள். ஆகவே முதலில் சில நாட்கள் எச்சரிக்கை மட்டும் பதிவாகும்படி வைத்து, எந்தத் துளைக்குப் பின்னால் எத்தனை கருவிகள் என்று தெரிந்துகொண்டு, அதன்பின் மூடும்படி அமைப்பதே நல்லது. மேக் முகவரியைப் பொய்யாகக் காட்டவும் முடியும் என்பதால் இது முழுக் காவல் ஆகாது. கருவியிடம் சான்று கேட்டுச் சரிபார்த்த பிறகே துளையைத் திறக்கும் 802.1எக்ஸ் என்ற முறை இதைவிட உறுதியானது. அதற்குத் தனி சர்வர் வேண்டும், பல லேப் கருவிகள் அதற்கு ஒத்துழைக்காது. மாவட்ட மருத்துவமனையில் அதை அலுவலகக் கணினிகளிலிருந்து தொடங்கலாம்.

எல்லா ஆபத்தும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றைப் பார்ப்போம். செல்போன் சிக்னல் கிடைக்காத அறையில் இருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் செருகுகிறார். கேபிளை 'வேன்' என்று எழுதிய துளையில் செருகாமல் பக்கத்தில் இருக்கும் 'லேன்' துளையில் செருகிவிடுகிறார். கணினி ஒவ்வொன்றும் காலையில் எழுந்ததும் "எனக்கு முகவரி தருபவர் யார்?" என்று வலையமைப்பு முழுதும் கேட்கும். மருத்துவமனையின் சர்வர் 10.20-இல் தொடங்கும் முகவரி தருவதற்குள் இந்த ரவுட்டர் முந்திக்கொண்டு 192.168.1-இல் தொடங்கும் முகவரியைக் கொடுத்துவிடுகிறது. வாங்கிய கணினிகளுக்கு லேப் சர்வர் தெரியாது. சில கணினிகள் ஓடும், சில ஓடாது. எங்கே கோளாறு என்று தேடியே அரைநாள் போய்விடும். இதையே வேண்டுமென்று செய்பவர், எல்லாக் கணினிகளின் போக்குவரத்தும் தன் வழியாகவே போகும்படி செய்துவிட முடியும்.

இதற்கான மருந்தின் பெயர் டிஹெச்சிபி ஸ்னூப்பிங். உண்மையான சர்வர் இருக்கும் பக்கத்துத் துளையை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால், மற்றத் துளைகளிலிருந்து யார் முகவரி வழங்கினாலும் சுவிட்ச் அதைக் குப்பையில் போடும். அந்த நம்பகமான துளையைக் குறிக்க மறந்துவிட்டு வசதியை மட்டும் இயக்கினால், உண்மையான சர்வரின் பதிலும் குப்பைக்குப் போகும். மாடி முழுதும் முகவரி கிடைக்காது. எந்த முகவரி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று இப்படிச் சேரும் பட்டியலை வைத்து, ஒருவர் மற்றவரின் ஐ.பி. முகவரியைச் சொல்லி ஏமாற்றுவதையும் தடுக்கலாம். அதற்கு ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் என்று பெயர். கேமராவுக்கும் லேப் கருவிக்கும் முகவரியைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள், அவை அந்தப் பட்டியலில் வராது. அவற்றைத் தனியே சேர்க்காமல் இயக்கினால் முதலில் நிற்பது அவைதான்.

பூட்டுகளை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் 2002 நவம்பரில் பாஸ்டனில் நடந்ததைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் மிகச் சிறந்த கணினி வசதி கொண்ட மருத்துவமனைகளில் ஒன்றாகப் பேர்பெற்ற பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையம், எந்தத் திருடனும் நுழையாமலே 4 நாட்கள் காகிதத்துக்குத் திரும்பியது. சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது கம்பிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டால் தகவல் முடிவில்லாமல் சுழன்று வலையமைப்பை மூழ்கடித்துவிடும். அதைத் தடுக்க 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் அறிவியலாளர் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு வளர்ந்த பாஸ்டன் வலையமைப்பு, அந்த முறை தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. ஓர் ஆய்வாளரின் பெரிய தரவுப் பரிமாற்றம் சுமையை ஏற்றியதும் மொத்தமும் சரிந்தது. மருத்துவமனை அதை மறைக்கவில்லை. தலைமைத் தகவல் அலுவலர் ஜான் ஹாலம்கா வெளிப்படையாகப் பேசினார். அடுத்த ஆண்டே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அந்த அனுபவம் கட்டுரையாக வந்தது. இன்று சுவிட்ச் அமைப்பவர்கள் கணினிக்கான துளைகளில் 'பிபிடியு கார்டு' என்ற காவலை இயக்கிவிடுகிறார்கள். அங்கே யாராவது ஸ்பேனிங் ட்ரீ பேசும் இன்னொரு சுவிட்சைச் செருகினால், அல்லது ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் சுவரிலேயே செருகிவிட்டால், அந்தத் துளை மட்டும் மூடும், மருத்துவமனை பிழைக்கும்.

கடைசியாகச் சுவிட்சின் சொந்தப் பூட்டு. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபத்துச்சொச்சத்தை வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. டெல்நெட் வழியாகச் சுவிட்சுக்குள் போனால் கடவுச்சொல் கம்பியில் வெளிப்படையாகப் போகும். அதை அணைத்துவிட்டு, கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் மட்டும் வைக்க வேண்டும். கண்காணிப்பு மென்பொருளுக்கான எஸ்என்எம்பியில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று வந்தபடியே இருக்கும் சொற்களை நீக்க வேண்டும். தேவையில்லாத சேவைகளை நிறுத்த வேண்டும். 2018 ஏப்ரலில், சிஸ்கோ சுவிட்சுகளின் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதி திறந்தே கிடந்ததைப் பயன்படுத்தி உலகெங்கும் சுவிட்சுகளின் அமைப்புகளை அழித்தார்கள். ஈரான் அரசின் கணக்குப்படி அந்த நாட்டில் மட்டும் 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டன. அதை மூட ஒரே ஒரு கட்டளை போதும்: 'நோ விஸ்டாக்'. 7 ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், ரஷ்ய உளவாளிகள் இன்னமும் அதே வசதியின் ஓட்டை வழியாகப் புகுந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. யாரும் அந்தக் கட்டளையை அடிக்காத பெட்டிகள் அத்தனை இருந்திருக்கின்றன.

நீலநிறத் தட்டைக் கேபிளைச் சுவிட்சின் கன்சோல் துளையில் செருகி, மடிக்கணினியில் 9600 என்ற வேகத்தை வைத்தால் கறுப்புத் திரையில் கட்டளைக் கோடு வரும். மேலே சொன்ன எல்லாவற்றையும் அங்கிருந்தே செய்யலாம். செய்து முடித்ததும் சேமிக்கும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். சிஸ்கோ வகைச் சுவிட்சுகளில் இப்போது ஓடும் அமைப்பு வேறு, மறுபடி மின்சாரம் வரும்போது எழும் அமைப்பு வேறு. சேமிக்காமல் எழுந்து போனால், கோடை மழையில் கரண்ட் போய்த் திரும்பும்போது சுவிட்ச் பழைய அமைப்போடுதான் எழும். அமைப்பின் நகல் ஒன்றை வேறொரு கணினியிலும் வைத்தால், பெட்டி எரிந்துபோனாலும் மாற்றுப் பெட்டியில் சீக்கிரம் ஏற்றிவிடலாம்.

கடிகாரத்தையும் விட்டுவிடக் கூடாது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, இணையத் தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், கணினி அமைப்புகளின் நேரத்தைத் தேசிய நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும் என்று சொல்கிறது. நேரம் அமைக்காத சுவிட்ச், பல மாடல்களில், 1993-இலோ 2000-த்திலோ நின்றுகொண்டிருக்கும். எந்தத் துளையில் எப்போது அந்நியர் நுழைந்தார் என்று விசாரிக்கும்போது அந்தப் பதிவால் ஒரு பயனும் இருக்காது.

மேனேஜ்டு சுவிட்ச் ஏற்கெனவே இருந்தால், 802.1எக்ஸ் சர்வரைத் தவிர இதில் எதற்கும் புதிதாகப் பணம் தேவையில்லை, தேவைப்படுவது பயிற்சி பெற்ற ஒருவரின் நேரம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் இறக்கப்படும் நோயாளிக்குப் பெரிய மருத்துவமனை என்றால் அதுதான். இத்தகைய மருத்துவமனைகளில் சுவிட்ச் நம் வரிப்பணத்தில், டெண்டர் வழியாக வருகிறது. பெட்டி வந்ததா, விளக்கு எரிகிறதா, இணையம் வருகிறதா என்று பார்த்ததும் பில் பாஸாகிவிடுகிறது.

அந்த பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒப்பந்தக்காரரை உங்கள் எதிரில் உட்காரவைத்து, சுவிட்சின் அமைப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். லேப் கருவிகள் தனி வி-லேனில் இருக்கின்றனவா, காலித் துளைகள் அணைந்திருக்கின்றனவா, தொழிற்சாலைக் கடவுச்சொல் போய்விட்டதா, டெல்நெட் மூடியிருக்கிறதா, நேரம் சரியாக இருக்கிறதா, அமைப்பின் நகல் உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். பிறகு காத்திருப்புக் கூடத்துச் சாக்கெட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகி, லேப் சர்வர் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். தெரிந்தால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.